பூட்டுப் போடத் தெரிந்தவர்கள்

தெள்ளாரில் பட்டா நகல் எடுக்கப் போனாலும் சரி, நகைக்கடனுக்கு வட்டி கட்டப் போனாலும் சரி, ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்த வாசகம் காதில் விழும்: "சர்வர் டவுனுங்க, மத்தியானமா வாங்க." வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கும் இந்த ஊருக்கு வரலாற்றில் தனிப் பெயர் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் இங்கே வென்றதால்தான் 'தெள்ளாறு எறிந்த' என்ற அடைமொழி அவனோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு இந்த ஊரை ஒருநாள் முழுக்க நிறுத்திவைக்கப் படையெல்லாம் தேவையில்லை. எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் இருக்கும் பெட்டி திணறினால் போதும்.

வரிசையில் நிற்பவர்கள் சொல்லும் தீர்வும் எப்போதும் ஒன்றுதான்: "பெருசா ஒண்ணு வாங்கிப் போட வேண்டியதுதானே!" அதிகாரிகளும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார்கள், என்ன, டெண்டர் மொழியில் சொல்கிறார்கள். எத்தனை ப்ராசஸர், ஒவ்வொன்றுக்குள்ளும் எத்தனை கோர், எவ்வளவு நினைவகம் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ('செயலி' என்று எழுதலாம்தான், ஆனால் அந்தச் சொல்லைக் கைப்பேசி ஆப்களுக்குக் கொடுத்துவிட்டோம். எனவே இங்கே ப்ராசஸரே இருக்கட்டும்.) அத்தனை ப்ராசஸரையும் சண்டை போடாமல் வேலை வாங்கப்போவது யார் என்ற கேள்விக்கு மட்டும் ஒரு வரிகூட இருக்காது. அந்த வேலை இயங்குதளத்தினுடையது. அதை எழுதத் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் இந்தியாவில் இருந்தார்கள். அவர்களை நாடு கொண்டாடவும் இல்லை, பெருக்கவும் இல்லை.

ஒரு ப்ராசஸர் செய்வதை இரண்டு ப்ராசஸர் பாதி நேரத்தில் செய்துவிடும் என்று நம்புகிறவர், ஆரணிப் பக்கத்துத் தறிவீடு ஒன்றில் கோர்வைச் சேலை நெய்வதை அரைமணி நேரம் பார்த்துவிட்டு வரலாம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குழிக்குள் காலை விட்டு நெசவாளர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் துணையாள், பெரும்பாலும் வீட்டுக்காரம்மா. இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று என மூன்று நாடாக்கள். கரை ஊடையும் உடல் ஊடையும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். துணையாளின் நாடா வந்து சேராமல் நெசவாளர் பலகையை அடிக்க முடியாது; அவர் மிதிக்காமல் துணையாள் அடுத்த நாடாவை விடவும் முடியாது. கைகள் நான்கு என்பதற்காகச் சேலை இரண்டு மடங்கு வேகத்தில் வளர்வதில்லை. ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கும் கணங்கள்தான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

இன்னொன்றையும் அங்கேயே பார்க்கலாம். பழைய பாவு தீர்ந்ததும் அதன் நுனியோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். சாம்பல் தொட்ட விரலால் திரித்துத் திரித்து ஆயிரக்கணக்கான இழைகள். அது முடியும்வரை தறி சும்மாதான் கிடக்கும். நாடா எவ்வளவு வேகமாக ஓடினாலும் இந்த நேரம் குறையாது. கணினிக்கும் இதே கணக்குதான் என்று 1967-ல் ஜீன் ஆம்டால் என்ற ஐபிஎம் பொறியாளர் காட்டினார். வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒருவரே ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியது என்றால், ஆயிரம் ப்ராசஸர் போட்டாலும் பத்து மடங்கைத் தாண்டி வேகம் வராது.

முதலில் வந்த பல இயந்திரங்கள் இந்தச் சிக்கலை ஒரு குறுக்குவழியில் தாண்டப் பார்த்தன. 1981-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கோபிள் என்பவர் வாக்ஸ் 11/780 கணினிகள் இரண்டின் ப்ராசஸர்களை ஒரே நினைவகத்தோடு பிணைத்து, யூனிக்ஸ் இயங்குதளத்தை அதில் ஓடவிட்டார். ஆனால் இயங்குதளத்தின் உட்கருவான கர்னல் ஒரே ப்ராசஸரில்தான் ஓடும். அது பெரியவர், மற்றது எடுபிடி. எடுபிடியில் ஓடும் நிரலுக்கு ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமென்றாலும் பெரியவரிடம் வந்து நிற்க வேண்டும். வாக்ஸைத் தயாரித்த டிஜிட்டல் நிறுவனம் மறு ஆண்டே இதே பாணியில் 11/782 என்ற மாடலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கணக்குப் போடும் வேலைக்கு அது நல்ல இயந்திரம். வன்தட்டில் எழுதுவதும் படிப்பதுமாக இருக்கும் வேலைக்கு இரண்டாவது ப்ராசஸரால் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் எல்லாரும் பெரியவர் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். டிஜிட்டலின் விஎம்எஸ் இயங்குதளத்தில் இரு ப்ராசஸர்களும் சரிசமமாகக் கர்னலுக்குள் நுழைய 1988-ல் வந்த ஐந்தாம் பதிப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் அவ்வளவு காலம்? சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தின் ரயில் முன்பதிவுக் கவுன்ட்டர்களை நினைத்துக்கொண்டால் புரியும். (இந்திய ரயில்வேயின் கணினி முன்பதிவு, 1986-ல் டெல்லியில் தொடங்கியபோது ஓடியதும் வாக்ஸில்தான்.) நெல்லை ரயிலில் ஒரே ஒரு கீழ்ப் பெர்த் மிச்சம். மூன்றாம் கவுன்ட்டரும் ஏழாம் கவுன்ட்டரும் ஒரே நொடியில் பார்க்கின்றன. இரண்டுக்கும் காலி என்றே தெரிகிறது. இரண்டும் டிக்கெட் அடிக்கின்றன. ராத்திரி விழுப்புரத்தில் தகராறு. இதைத் தடுக்க, ஒருவர் பார்த்து எழுதி முடிக்கும்வரை மற்றவர் பார்க்கவே கூடாது என்று பூட்டுப் போட வேண்டும். கர்னலுக்குள் இப்படிக் காலி பெர்த் போன்றவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன: காலியான நினைவகப் பக்கங்கள், ஓடக் காத்திருக்கும் நிரல்களின் வரிசை, திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியல்.

முன்பதிவு மையம் முழுவதற்கும் ஒரே பூட்டுப் போட்டுவிட்டால் தகராறு வராது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கவுன்ட்டர்தான் வேலை செய்யும். ரயிலுக்கு ஒரு பூட்டு என்றால் தேவலை. பெட்டிக்கு ஒன்று என்றால் இன்னும் வேகம். ஆனால் பூட்டுகள் பெருகப் பெருகப் புது ஆபத்து ஒன்று வரும். இவர் ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய சாவிக்குக் காத்திருப்பார். அவர் தன் சாவியோடு இவருடையதற்குக் காத்திருப்பார். இரண்டு பேரும் விடியும்வரை அப்படியே நிற்பார்கள். இந்தப் பிழை வாரத்துக்கு ஒருமுறை, யாரும் பார்க்காத நேரத்தில் வந்துபோகும். மறுபடி வரவழைத்துப் பார்க்கலாம் என்றால் வராது. பெரிய பூட்டை உடைத்துச் சின்னப் பூட்டுகள் போடுவது இயங்குதள வேலையிலேயே கடினமான ஒன்று என்று சொல்வது இதனால்தான்.

இரண்டு ப்ராசஸரை வேகத்துக்காக அல்லாமல் அவநம்பிக்கைக்காக வைத்தவர்களும் உண்டு. மும்பையின் தேசியப் பங்குச் சந்தை 1994-ல் திரை வழி வணிகத்தைத் தொடங்கியபோது நிறுவிய ஸ்ட்ராட்டஸ் கணினிகள் அந்த வகை. ஒரே கணக்கை ஒரு பலகையில் உள்ள இரண்டு ப்ராசஸர்கள் போடும். விடை ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பலகை தானாகவே ஒதுங்கிக்கொள்ள, அதன் ஜோடிப் பலகை ஒன்றும் நடக்காததுபோல் வேலையைத் தொடரும். அதற்கென்றே தனி இயங்குதளம் இருந்தது.

இந்தியாவின் கணினிக் கதை என்றால் மேடைகளில் சொல்லப்படுவது ஒன்றே ஒன்றுதான். வானிலைக் கணிப்புக்காக அமெரிக்காவிடம் கிரே எக்ஸ்-எம்பி 24 என்ற சூப்பர் கணினியைக் கேட்டோம். அவர்கள் எக்ஸ்-எம்பி 14-ஐத்தான் கொடுத்தார்கள். அந்த எண்ணில் முதல் இலக்கம் ப்ராசஸர்களின் எண்ணிக்கை. இரண்டு கேட்ட இடத்தில் ஒன்று. அது 1989-ல் டெல்லியில் நிறுவப்பட்டது. அதற்கு முன்பே, 1988-ல், புனேயில் சி-டாக் என்ற அரசு ஆய்வு மையம் தொடங்கப்பட்டு, விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் பரம் 8000 என்ற சூப்பர் கணினி வந்தது. பெருமைப்பட வேண்டிய கதைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் பரம், பிரிட்டனின் இன்மோஸ் நிறுவனம் செய்த ட்ரான்ஸ்பியூட்டர் சில்லுகளைக் கோத்த இயந்திரம். ஒவ்வொரு சில்லுக்கும் தனி நினைவகம். செய்தி அனுப்பித்தான் பேசிக்கொள்ளும். விஞ்ஞானிகள் தங்கள் நிரலை அதற்கேற்பத் திருத்தி எழுத வேண்டும். வங்கிக்கும் அலுவலகத்துக்கும் அது சரிப்பட்டு வராது. அவர்களுக்கு வேண்டியது ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் ப்ராசஸர்களும், பழைய நிரலை அப்படியே ஓடவிடும் இயங்குதளமும்.

மேடையேறாத இன்னொரு கதைக்கு விதை போட்டது, விசித்திரமாக, கணினிகளைக் கொண்டுவருவது பற்றி வங்கித் தொழிற்சங்கங்களோடு நடந்த பேச்சுவார்த்தை. ரிசர்வ் வங்கியின் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-ல் வங்கிகளைக் கணினிமயமாக்கும் அறிக்கையைத் தந்தது. வங்கிகளுக்கான கணினிகளில் ஓட வேண்டியது யூனிக்ஸ் என்று ஆனது. ஐபிஎம் 1978-ல் நாட்டை விட்டுப் போயிருந்தது. அதன் இடத்தைப் பிடிக்க உள்நாட்டு நிறுவனங்கள் மோதிக்கொண்டிருந்தன. பெரிய கிராக்கி ஒன்று யூனிக்ஸ் வடிவில் வந்து நின்றதும், யூனிக்ஸின் வயிற்றைக் கிழித்துப் பார்க்கும் அவசியம் அவர்களுக்கு வந்தது.

அப்படிப் பார்த்த நிறுவனங்களில் முக்கியமானது எச்சிஎல். திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்து கோவை பிஎஸ்ஜி-யில் படித்த சிவ நாடார், சகாக்களோடு 1976-ல் டெல்லியில் தொடங்கியது. அவர்களுடைய 'மேக்னம்' கணினி, ஒன்றுக்கு மேற்பட்ட மோட்டரோலா ப்ராசஸர்களைக் கொண்டது. 1988-ல் அதற்காகச் சின்னப் பூட்டுகள் போட்ட பல-ப்ராசஸர் யூனிக்ஸை உருவாக்கியதாகவும், சன், எச்பி நிறுவனங்களைவிட இது மூன்றாண்டு முந்தியது என்றும் நிறுவனத்தின் வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது.

நிறுவனங்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஆரிகன் மாநிலத்தின் சீக்வென்ட் நிறுவனம் 1984-லேயே பன்னிரண்டு ப்ராசஸர்வரை தாங்கும் பேலன்ஸ் 8000-ஐ, டைனிக்ஸ் என்ற யூனிக்ஸோடு விற்றது. ஆக உலகிலேயே முதல் என்று சொல்ல முடியாது. ஆனால் சன்னோடு ஒப்பிட்டால் பேச்சில் நியாயம் இருக்கிறது. 1991-ல் சன் தன் 600எம்பி சர்வர்களை விற்றபோது அதன் சன்ஓஎஸ் கர்னலுக்கு மொத்தமாக ஒரே பூட்டுதான்; சின்னப் பூட்டுகள் சோலாரிஸ் 2-ல்தான் வந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடும் அந்நியச் செலாவணிப் பஞ்சமும் இருந்த நாட்டில், ஒரு தனியார் நிறுவனத்தின் பொறியாளர்கள் கலிபோர்னியாவுக்கு முன்னே போய் நின்றார்கள் என்பது சின்ன விஷயமா?

பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். 1989-ல் எச்சிஎல் அமெரிக்கா போனது, இயந்திரம் விற்க. இயந்திரம் அங்கே விலைபோகவில்லை. அதைச் செய்த பொறியாளர்களின் நேரம் விலைபோனது. 1991-ல் உள்நாட்டிலும் எச்பி-யோடு கூட்டு நிறுவனம் ஆனது. அதே ஆண்டு பொருளாதாரக் கதவும் திறந்தது. சொந்தமாகக் கர்னல் எழுதுவது வியாபாரக் கணக்கில் வீண் செலவாகத் தெரிந்தது. வியாபாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. தறியை விற்றுவிட்டுக் கூலிக்கு நெய்யப் போனவர்களை ஆரணிப் பக்கம் யாருக்குத் தெரியாது? கூலி ஒழுங்காக வந்தது. அதில் பல லட்சம் குடும்பங்கள் மேலே வந்தன. ஆனால் கைவசம் இருந்த ஒரு வித்தை, ஒரு தலைமுறைக்குள் மூலைக்குப் போனது. அதைத் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டியவை அரசும் பல்கலைக்கழகங்களும். அவை பரமைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தன.

தனித்தனி ஆட்களாக வித்தை சாகவில்லை என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளம் 1996 ஜூனில், 2.0 பதிப்பில்தான் பல ப்ராசஸர்களைத் தாங்கத் தொடங்கியது. அதுவும் கர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு என்ற முறையில். அந்தப் பெரிய பூட்டைச் சிறிது சிறிதாகச் செதுக்கி, கடைசித் துண்டைக் கழற்றி எறிந்தது 2011 மே மாதம், 2.6.39 பதிப்பில். உலகமெங்கும் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கைகொடுத்தும் பதினைந்து ஆண்டுகள்.

அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்கு நடுவே, 2002-ல், படிப்பவர்கள் பூட்டுக்காகக் காத்திருக்கவே வேண்டாம் என்ற ஓர் உத்தி லினக்ஸுக்குள் வந்தது. ஆர்சியு என்று பெயர். எழுதுகிறவர் பழையதன் பிரதி ஒன்றை எடுத்துத் திருத்தி, சட்டென்று மாற்றிவைப்பார். பழையதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் முடித்த பிறகுதான் அது குப்பைக்குப் போகும். இது சீக்வென்ட் நிறுவனத்தின் யூனிக்ஸில் பிறந்தது. அங்கே இருந்த பால் மெக்கென்னி, ஐபிஎம் அந்த நிறுவனத்தை வாங்கிய பிறகு லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். அவரோடு அந்த வேலையைச் செய்தவர் ஐபிஎம்மின் இந்தியக் கிளையைச் சேர்ந்த தீபாங்கர் சர்மா. கர்னலின் ஆர்சியு கோப்பின் தலைப்பில் இன்றைக்கும் அவர் பெயர் இருக்கிறது. தெள்ளார் பேருந்து நிறுத்தத்தில் யாரோ ஒருவர் லினக்ஸ் கர்னல் கொண்ட ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வாட்ஸ்அப் பார்க்கிறார் என்றால், அதன் எட்டு கோர்களுக்கு நடுவே நொடிக்கு எத்தனையோ முறை அந்த நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவையும் இன்று பேசக் காரணம் இருக்கிறது. 2021 டிசம்பரில் மத்திய அரசு செமிகண்டக்டர் திட்டத்துக்கு 76,000 கோடி ரூபாய் என்று அறிவித்தது. ஐஐடி மெட்ராஸில் வி. காமகோடி குழுவினர் செய்த சக்தி ப்ராசஸர் 2018-ல் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. சென்னை சி-டாக் 2007-லேயே பாஸ் என்ற லினக்ஸ் தொகுப்பை வெளியிட்டது. தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் ஏறி வந்தது. எல்லாம் நல்ல தொடக்கங்கள். ஆனால் சில்லுக்குக் கிடைக்கும் மாலை மரியாதையில் பத்தில் ஒன்றுகூடக் கர்னலுக்குக் கிடைப்பதில்லை. பாஸ் மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளில் பலர் விண்டோஸுக்குத் தாவிவிட்டார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. அந்த லினக்ஸின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துகாட்ட ஆசிரியர்களை யாரும் தயார்செய்யவில்லை.

சில்லை வடிவமைத்துவிட்டு மென்பொருள் பின்னால் தானாக வரும் என்று இருப்பது, தறியைச் செய்துவிட்டு நெசவாளர் வருவார் என்று காத்திருப்பதுதான். நாளைக்குச் சக்தியின் பல கோர்கள் கொண்ட சர்வர் சில்லு வந்தால், அதன் கோர்களுக்கு இடையே எந்தப் பூட்டு நெரிசலாகிறது என்று கண்டுபிடித்துத் திருத்துகிறவர் வேண்டும். அப்படி நூறு பேரை உருவாக்கப் பத்து ஆண்டாவது ஆகும். செமிகண்டக்டர் திட்டத்திலும் மாநிலத்தின் திட்டங்களிலும் கர்னல் வேலைக்கென்று தனித் தலைப்பில் பணம் ஒதுக்க வேண்டும், அதுவும் ஓராண்டு மானியமாக இல்லாமல், நீண்டகாலச் சம்பளமாக. சர்வர் டெண்டரிலும் ஒரு வரி சேர்க்கலாம்: உண்மையான கூட்டத்தை ஏவிவிட்டு, கோர்களை இரட்டிப்பாக்கினால் வேலை எவ்வளவு கூடுகிறது என்று அளந்துகாட்டிய பிறகே பணம்.

இதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டும் என்பதும் உண்மையில்லை. எம்ஐடி-யில் பாடம் நடத்துவதற்காகவே எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற குட்டி யூனிக்ஸ் இருக்கிறது. இலவசம். சக்தியைப் போலவே ரிஸ்க்-ஃபைவ் என்ற ப்ராசஸர் கட்டமைப்புக்கானது. சாதாரண மடிக்கணினியில் க்யூஇஎம்யு என்ற மென்பொருளுக்குள் மூன்று ப்ராசஸர் இருப்பதாகப் பாவித்து ஓடும். ஒரு செமஸ்டரில் முழுவதையும் படித்துவிடலாம்.

ஆரணியை அடுத்த தச்சூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பாவு பிணைக்கும் வீடுகளிலிருந்து பிள்ளைகள் பேருந்து ஏறிப் போய்ப் படிக்கக்கூடிய தொலைவுதான். அங்கே ஓர் இரண்டாமாண்டு மாணவி எக்ஸ்வி6-ல் நினைவகம் பங்கிடும் கோப்பைத் திறந்து, பூட்டுப் போடும் வரியை மட்டும் நீக்கிவிட்டு ஓடவிடலாம். ஒரே ப்ராசஸர் என்று சொல்லி ஓடவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மூன்று என்று சொல்லி ஓடவிட்டால், சற்று நேரத்தில் ஒரே நினைவகப் பக்கம் இரண்டு நிரல்களின் கைக்குப் போய், திரையில் கன்னாபின்னாவென்று எழுத்துகள் கொட்டி, எல்லாம் நின்றுபோகும். அந்த வரியைத் திரும்பச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. அந்த ஒற்றைப் பூட்டை மூன்று ப்ராசஸருக்கும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றிடம் பக்கம் தீர்ந்தால் இன்னொன்றிடம் கடன் வாங்கும்படி எழுத அவளுக்கு ஒரு வாரம் பிடிக்கலாம்.